அப்பாவுக்கு 49, அண்ணனுக்கு 44... அடுத்தது இவரா?

"ஐயா, வணக்கம். நாங்க திருப்பூர்ல இருக்கோம். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர், வயசு 41. மாமனார் 49 வயசுல நெஞ்சுவலியில தவறிட்டார். போன ஐப்பசியில இவரோட அண்ணன், 44 வயசு. ராத்திரி சாப்பிட்டதும் நெஞ்சை அடைக்குதுன்னார். வாயுன்னு சோடா குடிச்சுட்டுப் படுத்தார். விடியக்காலம் எழுந்திரிக்கல. ரெண்டு பேருமே குண்டு கிடையாது. 'நம்ம ரத்தத்துலயே இருக்கு, வர்றப்ப வரட்டும்'னு இவர் சொல்றார். அழுது பிடிச்சு டெஸ்ட் எடுக்க வச்சேன். கொலஸ்ட்ரால் 188, நார்மல்னு சொல்லிட்டாங்க. ஈசிஜியும் நார்மல். நான் இவருக்குத் தாய்மாமன் மகள். சொந்தத்துல கட்டுனதால எங்க பிள்ளைங்களுக்கும் (பொண்ணுக்கு 13, பையனுக்கு 9) இது வருமா? செக்கு எண்ணெய்க்கு மாறிட்டோம். இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, தேன் காய்ச்சி தினமும் தர்றேன். அது போதுமா? இல்ல, ஒரு ஆஞ்சியோ பண்ணிப் பார்த்துடலாமா?"

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தோடு ரிப்போர்ட்டையும் படம் எடுத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. 'நார்மல்' என்று சொன்னவர் மொத்தக் கொழுப்பு என்ற ஒரு வரியை மட்டும் பார்த்திருக்கிறார். அதே தாளில் கீழே இருக்கிற வரிகள் வேறு கதை சொல்கின்றன. அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் கணவர் சொன்ன அந்த வார்த்தை: 'ரத்தத்துலயே இருக்கு'.

அவர் சொல்வது பாதி உண்மை. இந்தப் பாதி உண்மைக்கு எழுபது வருட வரலாறு உண்டு. 1950 முதல் 1954 வரை சிங்கப்பூரில் நடந்த 9,568 பிரேதப் பரிசோதனைகளின் பதிவேடுகளை மருத்துவர் தனராஜும் அவரோடு இருந்தவர்களும் புரட்டிப் பார்த்தார்கள். இதய ரத்தக்குழாய் நோய் அங்கிருந்த சீனர்களைவிட இந்தியர்களுக்கு ஏழு மடங்கு அதிகமாக இருந்தது. 1959ல் அது கட்டுரையாக வெளிவந்தது. அன்றைய சிங்கப்பூர் இந்தியர்களில் பெரும்பாலோர் நம் ஊரிலிருந்து கப்பலேறிப் போனவர்கள்தான். தனராஜ்தான் பிறகு கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவரானார். இந்தியர்களுக்கு இந்த நோய் மற்றவர்களைவிட அதிகம் என்று உலகத்துக்குச் சொன்ன முதல் எச்சரிக்கைகளில் ஒன்று, நம் ஆட்களின் பிணவறைப் பதிவேட்டிலிருந்து வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

உள்ளூரிலும் அதே சேதிதான். சென்னையில் தியாகராய நகரிலும் திருமங்கலத்திலும் வீடு வீடாகப் போய் எடுத்த ஆய்வு 2001ல் வெளியானது. இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய் இருந்தது. சர்க்கரை உள்ளவர்களில் அது 21 சதவீதம்.

இதெல்லாம் உங்கள் கணவர் பக்கம் நிற்கும் கணக்குகள். எதிர்ப்பக்கத்தையும் அவர் கேட்க வேண்டும்.

பஞ்சாபிலிருந்து மேற்கு லண்டனுக்குக் குடியேறியவர்களையும், ஊரிலேயே தங்கிவிட்ட அவர்களுடைய உடன்பிறப்புகளையும் ஒப்பிட்டு 1995ல் ஓர் ஆய்வு வந்தது. ஒரே தாய் தகப்பன், ஒரே ரத்தம். ஆனாலும் லண்டனில் இருந்தவர்களுக்கு எடை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாமே ஊரில் இருந்தவர்களைவிட அதிகம். ஒன்றே ஒன்று மட்டும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தது, அதுவும் வெள்ளைக்காரர்களைவிடக் கூடுதலாக. ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் ஒரு துகள் அது, லைப்போபுரோட்டீன்-ஏ என்று பெயர். ரத்தத்தில் வருவது எது, ஊரும் உணவும் சேர்ப்பது எது என்று இதைவிடத் தெளிவாகப் பிரித்துக் காட்டிய ஆய்வு எனக்குத் தெரிந்து குறைவு.

இன்னொன்று, 52 நாடுகளில் முதல் மாரடைப்பு வந்தவர்களை வைத்து நடத்திய 'இன்டர்ஹார்ட்' ஆய்வு. அதில் தெற்காசியர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தார்கள். முதல் மாரடைப்பு மற்ற நாட்டவருக்கு 59 வயதை ஒட்டி வந்தது, நம்மவர்களுக்கு 53ல். ஏன் இந்த ஆறு வருடம்? புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் குறைவு, உடலுழைப்பு இல்லாமை, குடி. இந்த ஒன்பதை வைத்தே நம்மவர்களின் ஆபத்தில் சுமார் 86 சதவீதத்தை விளக்க முடிந்தது. புதிதாக ஒரு மர்மமும் இல்லை. எல்லாருக்கும் உள்ள அதே காரணங்கள்தான், நமக்கு முன்னதாகவே வந்து சேர்ந்துவிடுகின்றன.

ஆகவே உங்கள் கணவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: மாமனாரும் அண்ணனும் போன வயது, அவருக்கு நாள் குறித்துவிட்டது என்பதற்கு ஆதாரம் ஆகாது. இவர் முப்பதிலேயே டெஸ்ட் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்று மட்டும்தான் அது சொல்கிறது. பத்து வருடம் தாமதம், அவ்வளவே. பிறவியிலேயே மரபணுச் சுமை அதிகம் உள்ளவர்களை வைத்து 2016ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், புகை இல்லாமல், எடை ஏறாமல், உடலை அசைத்து, ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு, அதே சுமையோடு தாறுமாறாக வாழ்ந்தவர்களைவிட ஆபத்து 46 சதவீதம் குறைவாக இருந்தது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் போக்கு தெரிகிறது.

இப்போது ரிப்போர்ட்.

மொத்தக் கொழுப்பு 188. எச்.டி.எல். என்கிற நல்ல கொழுப்பு 32. டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 240. எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு 108. மூன்று மாத சர்க்கரைச் சராசரி 6.1. ரத்த அழுத்தம் 138/88. உயரம் 168 செ.மீ., எடை 66 கிலோ. நாளுக்கு நாலு சிகரெட் என்று ஓரத்தில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு சின்னக் கழித்தல் போடுங்கள். 188லிருந்து 32ஐக் கழித்தால் 156. இதைத்தான் நாங்கள் 'நான்-எச்.டி.எல்.' என்கிறோம். ரத்தக்குழாய்ச் சுவரில் போய்ப் படியக்கூடிய கொழுப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு இது. டிரைகிளிசரைடு ஏறிய ஆளுக்கு எல்.டி.எல்.லைவிட இதுதான் சரியாக உண்மை பேசும். சாதாரண ஆளுக்கே இது 130க்குக் கீழே இருக்க வேண்டும். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 100க்குக் கீழே. ஆக 188 என்ற 'நார்மல்' எண்ணுக்குள்ளே 156 என்ற கெட்ட எண் ஒளிந்திருக்கிறது. எச்.டி.எல். நிறைய இருந்து அதனால் மொத்தம் 188 வந்திருந்தால் அது வேறு கதை. இவருக்கு அது 32தான். ஆண்களுக்கு 40க்குக் குறைந்தால் குறைவு.

எச்.டி.எல். தாழ்வு, டிரைகிளிசரைடு உயர்வு, சர்க்கரை எல்லைக்கோட்டில், அழுத்தம் எல்லைக்கோட்டில். இந்த நாலும் சேர்ந்து வருவது நம் ஊர் ஆண்களின் ரிப்போர்ட்டில் அலுத்துப்போகும் அளவுக்குக் காண்கிற காட்சி. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. அதனால்தான் ஒவ்வொரு லேப் ஊழியரும், சில சமயம் எங்களைப் போன்ற மருத்துவர்களும், 'பார்டர்தான், பரவாயில்ல' என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். நானும் தொழிலுக்கு வந்த புதிதில் அப்படி அனுப்பியவன்தான்.

இதற்கெல்லாம் வேர் வயிற்றில் இருக்கிறது. 'குண்டு கிடையாது' என்று எழுதியிருந்தீர்களே, அங்கேதான் நம் இனத்தின் சூட்சுமம். கொழுப்பைப் பத்திரமாகச் சேமிக்கத் தோலுக்கு அடியில் இடம் இருக்கிறது. நமக்கு அந்த இடம் குறைவு. வீட்டில் பரண் சிறியதாக இருந்தால் சாமான் அடுக்களையில் வந்து குவியாதா? அதுபோல மிச்சக் கொழுப்பு ஈரலிலும் குடலைச் சுற்றியும் போய்ச் சேருகிறது. அங்கே சேர்ந்தது சும்மா இருப்பதில்லை. இன்சுலின் வேலையைக் கெடுக்கிறது, ஈரலை டிரைகிளிசரைடு தயாரிக்க வைக்கிறது, எச்.டி.எல்.லைக் குறைக்கிறது.

புனேயில் மருத்துவர் யாஜ்னிக் இதைப் பல வருடங்களாக ஆராய்ந்தவர். அவருடைய ஆய்வில் புனே கிராமத்துக் குழந்தைகள் பிறக்கும்போது சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ. நம் குழந்தைக்குச் சதை குறைவு, ஆனால் கொழுப்பு மட்டும் அந்த அளவு குறையவில்லை. 2004ல் அவர் இங்கிலாந்து நண்பர் யுட்கினோடு சேர்ந்து நின்று ஒரு புகைப்படம் வெளியிட்டார். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) ஒன்றே, 22.3. உடலில் கொழுப்பு நண்பருக்கு 9.1 சதவீதம், இவருக்கு 21.2. மெலிந்த உடம்புக்குள் ஒரு குண்டு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடையாது.

உங்கள் கணவரின் பி.எம்.ஐ. 23.4. வெள்ளைக்காரர் அட்டவணையில் இது சரியான எடை. ஆசியர்களுக்கு 23லேயே கவனிக்கத் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொல்லி இருபது வருடம் ஆகிவிட்டது. ஆனால் எனக்கு பி.எம்.ஐ.மேல் அவ்வளவு பிடிப்பு இல்லை. பேண்ட் சைஸ் 34 என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்ப வேண்டாம். நம் ஆண்கள் தொப்பைக்குக் கீழே பெல்ட் போடுகிறவர்கள், வயிறு வளர வளர பேண்ட் கீழே இறங்குமே தவிர சைஸ் மாறாது. அளவு எடுக்கும் டேப் உங்கள் வீட்டில் இல்லாமலா இருக்கும்? காலையில் வெறும் வயிற்றில், சட்டை இல்லாமல், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் பிடியுங்கள். வயிற்றை எக்கினால் செல்லாது. 90 செ.மீ. தாண்டினால் தொப்பை. பெண்களுக்கு 80.

இனி சொந்தத்தில் கட்டியது பற்றி. இந்தக் கேள்விக்குள் உங்கள் மனதில் ஒரு குற்ற உணர்வு இருப்பது தெரிகிறது. அதை இறக்கி வைத்துவிடலாம்.

நெருங்கிய சொந்தத்தில் கட்டுவது இதயத்துக்குப் பெரிய ஆபத்தாக மாறும் ஓர் இடம் உண்டு. குடும்பவழிக் கொழுப்பு நோய் என்று ஒன்று. அதில் ஒரே ஒரு பழுதான மரபணு போதும், எல்.டி.எல். 190க்கு மேல் எகிறும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தாய் தகப்பன் இருவரும் ஒரே பாட்டன் வழியில் அந்தப் பழுதைச் சுமந்திருந்தால், பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரலாம். அப்படிப் பிறந்த பிள்ளைக்கு எல்.டி.எல். 500ஐத் தாண்டும், முழங்கை, முழங்கால், குதிகாலில் மஞ்சள் கட்டிகள் தெரியும், பள்ளிக்கூட வயதிலேயே மாரடைப்பு வரலாம்.

உங்கள் கணவருக்கு அந்த நோய் இருப்பதாகத் தெரியவில்லை. மாத்திரை எதுவும் எடுக்காமல் எல்.டி.எல். 108 என்பது அந்த நோயின் எண் அல்ல. அதோடு, நீங்கள் அவருக்கு மாமன் மகள். உங்கள் இருவரையும் இணைக்கும் ரத்தம் அவருடைய அம்மா வழி. நெஞ்சுவலியில் போனவர் அவருடைய அப்பா. அந்தக் கிளையில் உங்களுக்குப் பங்கில்லை. கல்யாணத்தால்தான் பிள்ளைகளுக்கு இது வருகிறது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு ஆபத்தே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. மாமனார் வழியில் வந்திருக்கக்கூடியது, முன்னே சொன்ன அந்த லைப்போபுரோட்டீன்-ஏ. எல்.டி.எல்.லின் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் அளவைப் பெரும்பாலும் பிறவியே தீர்மானிக்கிறது. நடையோ பத்தியமோ அதை அசைக்காது. வழக்கமான கொழுப்புப் பரிசோதனையில் தனியாகத் தெரியாது, பெயர் சொல்லிக் கேட்டால்தான் எடுப்பார்கள். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் அதிகம். இந்தியர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அப்படி இருக்கிறது. வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும். 'குறைக்க முடியாததை எதற்குப் பார்க்கணும்?' என்று உங்கள் கணவர் கேட்பார். அது அதிகம் என்று தெரிந்துவிட்டால் மற்றதையெல்லாம் இன்னும் கீழே இறக்குவோம். ஒரு பக்கம் பாரத்தை எடுக்க முடியாத வண்டியில் மறுபக்கப் பாரத்தையாவது குறைக்க வேண்டாமா?

ஆஞ்சியோ கேட்டீர்கள். வேண்டாம், இப்போது வேண்டாம். வலி இல்லாத ஆளுக்கு, பார்த்துவிடலாமே என்பதற்காகக் குழாய் விட்டுப் படம் எடுப்பது தேவையில்லாத வேலை. மாரடைப்பைப் பலரும் குழாயில் அழுக்குச் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக அடைபடுவதாக நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது அது அல்ல. குழாய்ச் சுவருக்குள்ளே கொழுப்பு ஒரு கொப்புளம்போல உட்கார்ந்திருக்கும். வழியைப் பாதிகூட மறைத்திருக்காது. ஒருநாள் அதன் மேல்தோல் கிழியும். கிழிந்த இடத்தில் ரத்தம் உறையும். அந்த உறைகட்டிதான் நிமிடங்களில் குழாயை முழுக்க அடைக்கிறது. 'போன மாசம்தான் டிரெட்மில் டெஸ்ட் நார்மல்னு வந்துச்சு டாக்டர்' என்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறவர்களை நான் வருடத்துக்கு நாலைந்து பேராவது பார்க்கிறேன். அந்த டெஸ்ட் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு வழி விட்டிருந்தது, அதை மட்டும்தான் அது சொன்னது. ஈசிஜி அதைவிடக் குறைவாகச் சொல்லும். எடுத்த அந்தச் சில நொடி நிலவரம் மட்டும்.

மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று ஊசலாட்டம் வந்தால், குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பார்க்கும் சி.டி. ஸ்கேன் ஒன்று உண்டு, கால்சியம் ஸ்கோர் என்பார்கள். அதை உங்கள் மருத்துவரோடு பேசிக்கொள்ளலாம். 41 வயதில், சிகரெட் பிடிக்கிற ஆளுக்கு, அதில் பூஜ்யம் வந்தாலும் நான் துள்ளிக் குதிக்க மாட்டேன். சுண்ணாம்பு படியாத இளம் கொப்புளங்கள் அதில் தெரியாது.

அந்த நாலு சிகரெட். இதில் நான் தயவுதாட்சண்யம் பார்க்கப் போவதில்லை. 'ஒரு பாக்கெட் பிடிச்சவன், நாலுக்குக் குறைச்சிட்டேன்' என்று அவர் பெருமையாகச் சொல்லக்கூடும். நுரையீரலுக்கு அந்தக் கணக்கு ஓரளவு செல்லும். இதயத்துக்குச் செல்லாது. ஒரு நாளைக்கு இருபது பிடிக்கிறவருக்கு எவ்வளவு கூடுதல் ஆபத்தோ, அதில் கிட்டத்தட்ட பாதி, ஒன்றே ஒன்று பிடிக்கிறவருக்கும் உண்டு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2018ல் எழுதினார்கள். சொன்னேனே, கொப்புளம் கிழிந்தால் ரத்தம் உறையும் என்று. புகை அந்த ரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைக்கிறது. டீக்கடை பெஞ்சில் டீயும் சிகரெட்டும் பிரியாத ஜோடி என்று எனக்குத் தெரியும். முதல் மூன்று வாரம் டீயைக் கடையில் குடிக்காமல் பிளாஸ்க்கில் கொடுத்தனுப்புங்கள். நிகோடின் மெல்லும் பசை இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. கேட்டால் கொடுப்போம்.

செக்கு எண்ணெய். நல்ல மணம், நல்ல ருசி, எனக்கும் பிடிக்கும். ஆனால் செக்கில் ஆட்டியதாலேயே அது இதயத்துக்கு மருந்தாகிவிடாது. கடலை எண்ணெயில் உள்ள கொழுப்பு செக்கில் ஆட்டினாலும் அதே கொழுப்புதான். எந்த எண்ணெய் என்பதைவிட எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது நல்ல கணக்கு. உங்கள் வீட்டில் நாலு பேருக்கு இரண்டு லிட்டர். செக்கு எண்ணெய் வந்த பிறகு 'ஒண்ணும் செய்யாது' என்று தாராளமாக ஊற்றுகிற வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். அதோடு, வீட்டில் செக்கு எண்ணெய், ஆனால் நைட் ஷிஃப்ட் அன்று பேக்கரி பஃப்ஸும் கடை பரோட்டாவும் என்றால் கணக்கு எங்கே நிற்கும்?

உங்கள் கணவர் ரிப்போர்ட்டைப் பார்த்தால் எண்ணெயைவிட மாவுச்சத்துமேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். டிரைகிளிசரைடு 240 பெரும்பாலும் சோறு, சர்க்கரை, குடி ஆகிய மூன்றின் கையெழுத்து. இந்தியர்கள் சாப்பிடும் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது, அதுவும் பெரும்பாலும் தீட்டிய அரிசி, மைதா, கோதுமை மாவு, சர்க்கரை. சோற்றை விடச் சொல்லவில்லை. தட்டில் அளவை மாற்றுங்கள்: இப்போது சோறு இருக்கும் இடத்தில் பாதியைப் பொரியலுக்கும் கூட்டுக்கும் கொடுங்கள், இன்னொரு கரண்டி பருப்போ, ஒரு கிண்ணம் கொள்ளோ, தட்டைப்பயறோ சேருங்கள். கொங்கு நாட்டுக்காரர்களுக்குக் கொள்ளும் பச்சைப்பயறும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கடைந்து சாப்பிடத் தெரிந்தவர்கள் நீங்கள். கம்மஞ்சோறும் ராகிக் களியும் இருந்த ஊரில் மூன்று வேளையும் வெள்ளை அரிசி என்று ஆனது உங்கள் தாத்தா காலத்துக்குப் பிறகுதானே. கறிக்கடை ஞாயிறு இருந்துவிட்டுப் போகட்டும். தோலும் ஈரலும் இல்லாமல், மாதம் இரண்டு ஞாயிறு மீனாக இருந்தால் இன்னும் நல்லது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ரத்த அழுத்தக்காரருக்கு விருந்தாளிகள், தினமும் வரக்கூடாது.

இஞ்சி பூண்டு எலுமிச்சைக் கஷாயத்தைப் பற்றி ஒரே வரி: அது அடைப்பைக் கரைக்காது, அதில் ஊற்றும் தேன் 6.1 சர்க்கரைக்கு நல்லதல்ல, மருந்துக்குப் பதிலாக அதை நம்பாத வரை சண்டை போடவும் மாட்டேன்.

நடை. கட்டிங் டேபிள் முன்னால் பத்து மணி நேரம் நிற்கிறார், அது உழைப்பு இல்லையா என்று கேட்பீர்கள். நிற்பது கால் வலிக்கும் உழைப்பு, இதயம் வேகமாகத் துடிக்கும் உழைப்பு அல்ல. வாரம் 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கால்மணி நேரம் மெதுவாகத் தெருவில் நடப்பது தனிக்கணக்கு, அது சர்க்கரைக்கு.

இதையெல்லாம் மூன்று மாதம் செய்து மறுபடி ரத்தம் பார்க்கலாம். ஆனால் ஒளிக்காமல் சொல்கிறேன்: அப்பா 55க்குள், அண்ணன் 55க்குள், எல்லைக்கோட்டுச் சர்க்கரை, புகை, எச்.டி.எல். 32. இவ்வளவும் சேர்ந்த ஆளுக்கு கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை இல்லாமல் சமாளிக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. கடிதத்தில் மருந்து எழுதுவது முறையல்ல. நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். அவர் எழுதிக் கொடுத்தால், 'ஆரம்பிச்சா நிறுத்த முடியாதாமே' என்று தெருவில் கேட்டதை வைத்து மறுக்காதீர்கள். நிறுத்தலாம், நிறுத்தினால் கொழுப்பு மறுபடி ஏறும், அதனால்தான் தொடரச் சொல்கிறோம். தசை வலி சிலருக்கு வரும். வந்தால் சொல்லுங்கள், அளவையோ மாத்திரையையோ மாற்றுவோம்.

அண்ணன் குடித்த சோடா பற்றி எழுதாமல் இந்தப் பதிலை அனுப்ப மனம் வரவில்லை. பிரேதப் பரிசோதனை இல்லாமல் அது மாரடைப்புதான் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதம் அப்படித்தான் இருக்கிறது. சோடா கொடுத்தவர் யாராக இருந்தாலும் அவர்மேல் பழி இல்லை. நம் ஊரில் நெஞ்சு அடைத்தால் முதலில் வருவது வாயு என்ற வார்த்தைதான். ஓமத்திரவம், சோடா, ஜெலுசில், முதுகைத் தேய்த்துவிடுதல். அப்புறம் தூக்கம். நாங்கள் இழப்பது அந்த ராத்திரிகளில்தான்.

உங்கள் வீட்டில் விதி இதுவாக இருக்கட்டும்: நெஞ்சு நடுவில் அழுத்தம், பாரம், இறுக்கம், எரிச்சல், எதுவாக இருந்தாலும் சரி, கையிலோ தாடையிலோ முதுகிலோ பரவினாலும் பரவாவிட்டாலும் சரி, வியர்வையோ மூச்சுத் திணறலோ காரணமில்லாத பெரும் அசதியோ கூட இருந்தாலோ, பத்து நிமிடத்தில் அடங்கவில்லை என்றாலோ, வாயுவா இல்லையா என்று வீட்டில் பட்டிமன்றம் வேண்டாம். 108. அவரையே பைக் ஓட்டவிடாதீர்கள், நடுவில் உட்கார வைத்து இரண்டு பேர் பிடித்துக்கொண்டும் போகாதீர்கள். கிராமத்துக்குப் போயிருக்கும்போது நடந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் அங்கேயே ஈசிஜி பார்த்துவிட்டு முதல் தவணை மாத்திரைகள் கொடுக்கிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8, மொத்தம் 14. பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அது நேரம் வாங்கித் தரும். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வை' என்பதை (ரத்தக்குழாயை விரிக்கும் மாத்திரை அது) மட்டும் தானாகச் செய்ய வேண்டாம்; அழுத்தம் ஏற்கெனவே விழுந்திருக்கும் ஆளுக்கு அது இன்னும் தள்ளிவிடும்.

உங்களைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தின் பின்பக்கம், 'எனக்கு ரெண்டாவது பிரசவத்துல சுகர் இருந்துச்சு, அப்புறம் சரியாயிடுச்சு' என்று ஒரு வரி. சரியாகிவிட்டது என்பது அந்தப் பிரசவத்தோடு முடிந்த செய்தி. கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு. இதய நோய் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். பையனுக்கு ஒன்பது வயது. இந்த ஒன்பது வருடத்தில் எத்தனை தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்தீர்கள்? ஒருதடவையும் இல்லை என்றால் எனக்கு ஆச்சரியம் இல்லை. கணவர் லேபுக்குப் போகும் அதே காலையில் நீங்களும் கையை நீட்டுங்கள்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, அழுத்தம். இடுப்பளவு, நான் சொன்ன 80.

கடைசியாக, பெரியப்பாவின் பிள்ளைகள். மூத்த பையன் கல்லூரி முதல் வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்திய இதயவியல் சங்கம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதல் முதல் கொழுப்புப் பரிசோதனையைப் பதினெட்டு வயதில் எடுக்கச் சொல்கிறது. தாத்தா 49ல், தகப்பன் 44ல் போன பையனுக்கு அதைத் தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை. உங்கள் ஓரகத்தி இப்போது இருக்கும் நிலையில் இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். அவரிடம் சொல்ல வேண்டாம், நேராகப் பையனிடம் சொல்லுங்கள். 'சித்தப்பா டெஸ்டுக்குப் போறார், நீயும் கூட வா' என்று கூப்பிட்டால் வருவான். லைப்போபுரோட்டீன்-ஏ என்று சீட்டில் தனியாக எழுதச் சொல்லுங்கள், மூன்று பேருக்கும். முடிவு வந்ததும் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். இந்தத் தடவை போல ஓரத்தில் எழுதியிருப்பதும் தெரிகிற மாதிரி.